அலைகளைப் படிப்படியாகப் புரிந்துகொள்வது: ஒரு கயிற்றிலிருந்து ஆழிப்பேரலை வரை

அலை என்றதும் கடல்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அலைகளின் இயற்பியலைக் கற்கத் தொடங்குவதற்குக் கடலைப் போல மோசமான இடம் வேறில்லை. கடலலையில் நீர் மேலும் கீழும் மட்டும் போவதில்லை. அதன் வேகம் அலைநீளத்தைப் பொறுத்து மாறும், ஆழத்தைப் பொறுத்தும் மாறும். எனவே கடலைக் கடைசிப் படிக்குத் தள்ளிவைத்துவிட்டு ஒரு கயிற்றில் தொடங்குவோம். சுமார் ஐந்து மீட்டர் நீளமுள்ள, சற்றே கனமான கயிறு ஒன்றும் அதில் கட்ட ஒரு வண்ண நூலும் இருந்தால் போதும்.

வழி நெடுக ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்திருங்கள்: இந்த அளவைத் தீர்மானிப்பது யார்? அலையை உண்டாக்கும் மூலமா, அது செல்லும் ஊடகமா, வழியில் குறுக்கிடும் எல்லையா? அலைகளில் மாணவர்கள் தடுமாறும் இடங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றின் வேலையை இன்னொன்றின் தலையில் கட்டுவதால் வருபவை.

படி 1: ஒற்றைத் துடிப்பு

கயிற்றின் ஒரு முனையை ஒரு தூணில் கட்டுங்கள். நடுவில் வண்ண நூலை முடிச்சிடுங்கள். மறுமுனையைப் பிடித்து, கயிற்றைத் தொய்வில்லாமல் இழுத்தபடி, கையை ஒருமுறை சட்டென்று மேலே தூக்கி இறக்குங்கள். ஒரு மேடு கயிறு வழியாக ஓடித் தூணை அடையும். இப்போது மேட்டைப் பார்க்காமல் நூலை மட்டும் பார்த்தபடி மீண்டும் செய்யுங்கள். நூல் எழும்பும், இறங்கும், பழைய இடத்திலேயே நிற்கும். தூணை நோக்கி ஒரு விரற்கடைகூட நகராது.

இங்கே இரண்டு இயக்கங்கள் இருக்கின்றன. ஒன்று கயிறு வழியாக ஓடும் மேட்டின் இயக்கம். மற்றொன்று கயிற்றின் ஒவ்வொரு துளியும் தன் இடத்தில் மேலும் கீழும் அசைவது. முன்னது ஆற்றலைக் கொண்டுபோகிறது. பின்னது பொருளை எங்கும் கொண்டுபோவதில்லை. இவ்விரண்டு வேகங்களையும் குழப்பிக்கொள்ளாதவர் பாதி வழியைக் கடந்துவிட்டார்.

மேடு ஏன் நகர்கிறது? கயிற்றின் ஒரு பகுதி மேலே போனதும், இழுவிசை காரணமாக அது பக்கத்துப் பகுதியையும் மேலே இழுக்கிறது. பக்கத்துப் பகுதி தன்னை இழுத்ததைக் கீழே இழுக்கிறது. இப்படிப் பழைய நிலைக்குத் திருப்ப முயலும் விசைக்கு மீள்விசை என்று பெயர். ஆனால் கயிற்றுக்கு நிறை இருப்பதால் அது உடனே பணிவதில்லை. நிலைமம் காரணமாகச் சற்றுத் தாமதித்தே நகர்கிறது. மீள்விசையும் நிலைமமும் சேர்ந்த இடத்தில் எல்லாம் அலை பிறக்கலாம். காற்றிலும் நீரிலும் பாறையிலும் இதே இரண்டுதான் வேறு வேறு வேடங்களில் வருகின்றன.

படி 2: வேகம் யார் கையில்?

கையை இன்னும் பலமாக, உயரமாகச் சொடுக்குங்கள். மேடு பெரிதாகும். ஆனால் தூணை அடைய எடுக்கும் நேரம் மாறாது. வேகமாகச் சொடுக்கினால் மேடு குறுகலாகும், அப்போதும் பயண நேரம் அதேதான். பிறகு கயிற்றை இன்னும் இறுக்கமாக இழுத்துப் பிடித்துச் செய்து பாருங்கள். இப்போது மேடு பறக்கும். வேகம் உங்கள் கையின் வீரத்தைப் பொறுத்ததன்று. ஊடகத்தின் நிலையைப் பொறுத்தது.

கயிற்றுக்கான சூத்திரம் இது: இழுவிசையை ஒரு மீட்டர் கயிற்றின் நிறையால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தை எடுத்தால் அலையின் வேகம் கிடைக்கும். மேலே மீள்விசை, கீழே நிலைமம். ஐந்து மீட்டர் கயிற்றின் நிறை 0.5 கிலோகிராம் என்று கொள்வோம். ஒரு மீட்டருக்கு 0.1 கிலோகிராம். இழுவிசை 10 நியூட்டன், அதாவது ஏறக்குறைய ஒரு கிலோகிராம் எடையைத் தூக்கும் விசை. 10-ஐ 0.1-ஆல் வகுத்தால் 100, அதன் வர்க்கமூலம் 10. அலை விநாடிக்கு 10 மீட்டர் செல்லும், அரை விநாடியில் தூணைத் தொடும். வேகத்தை இரு மடங்காக்க இழுவிசையை இரு மடங்காக்கினால் போதாது. வர்க்கமூலம் இருப்பதால் நான்கு மடங்கு, அதாவது 40 நியூட்டன் வேண்டும். இந்தக் கயிற்றை மறந்துவிடாதீர்கள், பின்னால் மீண்டும் தேவைப்படும்.

ஒலிக்கும் இதே கதைதான். 20 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள காற்றில் ஒலி விநாடிக்கு சுமார் 343 மீட்டர் செல்கிறது, நீரில் சுமார் 1,480 மீட்டர், எஃகில் 5,000 மீட்டருக்கு மேல். இதைப் பார்த்துவிட்டு 'அடர்த்தி கூடினால் ஒலி வேகமாகச் செல்லும்' என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அது தவறு. அடர்த்தி என்பது நிலைமம், அது வேகத்தைக் குறைக்கவே செய்யும். எஃகு காற்றைவிடப் பல்லாயிரம் மடங்கு அடர்த்தியானது, ஆனால் அதன் விறைப்பு அதைவிடப் பன்மடங்கு அதிகம். அதனால்தான் அது வெல்கிறது. ஹீலியம் வாயு காற்றைவிட லேசானது, அழுத்துவதற்குக் காட்டும் எதிர்ப்பில் காற்றுக்கு ஏறக்குறைய நிகரானது. எனவே ஹீலியத்தில் ஒலி காற்றில் செல்வதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் செல்கிறது.

காற்றில் ஒலியின் வேகத்தைக் கணக்கிட முயன்று நியூட்டனே சறுக்கியிருக்கிறார். 1687-ல் அவர் கண்ட விடை உண்மையைவிட சுமார் 15 சதவீதம் குறைவு. ஒலி செல்லும்போது காற்று அழுந்தும் இடங்களில் வெப்பநிலை மாறாது என்று அவர் எடுத்துக்கொண்டதே காரணம். உண்மையில் அழுத்தமும் தளர்வும் மிக விரைவாக மாறிமாறி நிகழ்வதால் வெப்பம் வெளியேற நேரம் கிடைப்பதில்லை. அழுந்திய காற்று சூடாகிறது, சூடானதால் கூடுதல் எதிர்ப்புக் காட்டுகிறது, அதனால் வேகம் கூடுகிறது. இந்தத் திருத்தத்தைச் சொன்னவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ். நூறாண்டுகளுக்கு மேல் அந்த 15 சதவீதம் உறுத்திக்கொண்டே இருந்தது.

படி 3: தொடர் அலையும் மூன்று அளவுகளும்

இனி கையை ஒருமுறை மட்டும் அல்லாமல் சீராக மேலும் கீழும் ஆட்டுங்கள். மேடுகளும் பள்ளங்களும் வரிசையாகச் செல்லும். மேட்டுக்கு முகடு, பள்ளத்துக்கு அகடு என்று பெயர்.

ஒரு விநாடியில் எத்தனை முழு அலைவுகள் என்பது அதிர்வெண். அலகு ஹெர்ட்ஸ். ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையுள்ள தொலைவு அலைநீளம். ஓய்வு நிலையிலிருந்து முகட்டின் உயரம் வீச்சு. முகட்டிலிருந்து அகடு வரை அளந்து அதை வீச்சு என்று எழுதிவிடாதீர்கள், அது வீச்சின் இரு மடங்கு.

கை ஒருமுறை ஆடி முடிப்பதற்குள் அலை ஓர் அலைநீளத் தொலைவு முன்னேறியிருக்கும். இதிலிருந்து வருவதுதான் அலைகளின் அடிப்படைச் சமன்பாடு:

வேகம் = அதிர்வெண் × அலைநீளம்

மனப்பாடம் செய்ய எளிது, தவறாகப் படிப்பதும் எளிது. 'அதிர்வெண்ணைக் கூட்டினால் வேகம் கூடும்' என்று இந்தச் சமன்பாட்டைப் படிப்பவர்கள் உண்டு. நம் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது மூலம், இங்கே உங்கள் கை. வேகத்தைத் தீர்மானிப்பது ஊடகம், இங்கே கயிறு. அலைநீளத்துக்குச் சொந்த விருப்பம் எதுவும் இல்லை. மற்ற இரண்டும் முடிவானபின் மிஞ்சுவதை ஏற்றுக்கொள்வதே அதன் வேலை. எனவே அதிர்வெண் கூடினால் வேகம் அப்படியே இருக்கும், அலைநீளம் குறையும். தொலைவில் ஓர் இசைக்குழு வாசிக்கும்போது தடித்த குரலும் மெல்லிய குரலும் தாளம் பிசகாமல் ஒன்றாக வந்து சேர்வது இதற்குச் சான்று. உயர்ந்த சுரங்கள் வேகமாகச் சென்றால் தொலைவிலிருந்து கேட்கும் இசை கந்தலாகிவிடும்.

மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். 343-ஐ இவற்றால் வகுத்தால், நாம் கேட்கும் ஒலிகளின் அலைநீளம் 17 மீட்டரிலிருந்து 1.7 சென்டிமீட்டர் வரை என்று தெரியும். ஒரு வீட்டைவிடப் பெரிய அலையும் ஒரு விரல் நகத்தளவு அலையும் ஒரே காற்றில் ஒரே வேகத்தில் போகின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ சுமார் 400 முதல் 700 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரம் அலைகள் அடங்கும். இந்த வித்தியாசம் ஆறாம் படியில் பெரிய வேலை செய்யும்.

வீச்சைப் பற்றி ஒன்று மட்டும்: அலை சுமக்கும் ஆற்றல் வீச்சின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். வீச்சு இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு.

படி 4: குறுக்கலை, நெட்டலை

கயிற்றில் அலை செல்லும் திசைக்குச் செங்குத்தாகத் துகள்கள் அசைகின்றன. இது குறுக்கலை. ஒரு நீண்ட சுருள்வில்லைத் தரையில் கிடத்தி, அதன் முனையை முன்னும் பின்னும் தள்ளினால், சுருள்கள் நெருங்கிய பகுதியும் விலகிய பகுதியும் மாறிமாறி ஓடும். இங்கே அசைவு பயணத் திசையிலேயே இருக்கிறது. இது நெட்டலை. காற்றில் ஒலி நெட்டலை: முகடு அகடுகளுக்குப் பதில் இறுக்கங்களும் தளர்ச்சிகளும். பாடப் புத்தகங்களில் ஒலியையும் வளைந்து நெளியும் கோடாகவே வரைகிறார்கள். அது அழுத்தம் எப்படி மாறுகிறது என்பதன் வரைபடம், ஒலியின் படமன்று.

குறுக்கலைக்கு, பக்கவாட்டில் நழுவுவதை எதிர்க்கும் ஊடகம் வேண்டும். திரவமும் வாயுவும் அப்படி எதிர்ப்பதில்லை. எனவே அவற்றின் உட்பகுதி வழியாக நெட்டலை மட்டுமே செல்லும். இந்தச் சிறிய விதியிலிருந்து ஒரு பெரிய முடிவு கிடைத்தது. நிலநடுக்கம் நிகழும்போது இரண்டு வகை அலைகளும் பூமிக்குள் பரவுகின்றன. முதலில் வந்து சேர்வது நெட்டலை, பின்னால் வருவது குறுக்கலை. பூமியின் ஆழமான மையப் பகுதியைக் கடந்து வர வேண்டிய குறுக்கலைகள் மட்டும் மறுபக்கம் வந்து சேர்வதில்லை. அந்த மையப் பகுதியின் வெளி அடுக்கான வெளிக்கருவம் திரவ நிலையில் இருக்கிறது என்பதை யாரும் அங்கே போகாமலேயே இப்படித்தான் அறிந்தோம்.

படி 5: எல்லையில் நடப்பது

மீண்டும் கயிற்றுக்கு வாருங்கள். தூணை அடைந்த மேடு என்னவாகிறது? திரும்பி வருகிறது, ஆனால் தலைகீழாக, பள்ளமாக. தூணில் கட்டிய முனை அசைய முடியாது. மேடு அதை மேலே இழுக்க, தூண் சமமான விசையால் கயிற்றைக் கீழே இழுக்கிறது. அந்த எதிர்வினையே தலைகீழ்த் துடிப்பாகத் திரும்புகிறது. முனையைத் தூணில் நேரடியாகக் கட்டாமல், தூணைச் சுற்றித் தாராளமாக மேலும் கீழும் நழுவும் வளையத்தில் கட்டினால் மேடு மேடாகவே திரும்பும். ஒரே அலை, ஒரே கயிறு, விளைவை மாற்றியது எல்லை மட்டும்.

மெல்லிய கயிறு ஒன்றைத் தடித்த கயிற்றோடு இணைத்தால், இணைப்பில் அலை இரண்டாகப் பிரியும். ஒரு பகுதி திரும்பும், ஒரு பகுதி தாண்டிச் செல்லும். தாண்டிய பகுதியின் அதிர்வெண் மாறுமா? மாறாது. இணைப்புப் புள்ளி விநாடிக்கு எத்தனை முறை ஆடுகிறதோ அத்தனை முறைதான் அடுத்த கயிற்றையும் ஆட்ட முடியும். வேகம் மாறுகிறது, எனவே அலைநீளம் மாறுகிறது. 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி கண்ணாடிக்குள் நுழைந்ததும் சுமார் 430 நானோமீட்டராகச் சுருங்குகிறது. காற்றில் அந்த அலைநீளம் ஊதா நிறத்துக்குரியது. ஆனாலும் நிறம் மாறுவதில்லை, ஏனென்றால் அதிர்வெண் மாறவில்லை.

அலை எல்லையைச் சாய்வாகச் சந்தித்தால் கூடுதலாக ஒன்று நடக்கும். அலைமுகப்பின் ஒரு பக்கம் முதலில் நுழைந்து வேகம் குறையும், மறுபக்கம் பழைய வேகத்திலேயே ஓடும். விளைவாக முகப்பு திரும்பும். இதுவே விலகல். ஒளிக்கு மட்டுமே உரியது என்று நினைக்க வேண்டாம். அமைதியான இரவில் தொலைதூரத்து ஒலி தெளிவாகக் கேட்பதற்கு இதுவும் காரணம். தரை குளிர்ந்து அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது, மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக இருக்கிறது. வெதுவெதுப்பான காற்றில் ஒலி வேகமாகச் செல்வதால் அலைமுகப்பின் மேற்பகுதி முந்திக்கொண்டு கீழ்நோக்கி வளைகிறது. வானத்துக்குப் போய்விட வேண்டிய ஒலி தரைக்குத் திரும்புகிறது.

படி 6: இரண்டு அலைகள் சந்தித்தால்

கயிற்றின் மறுமுனையை ஒரு நண்பரிடம் கொடுத்து, இருவரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு மேட்டை அனுப்புங்கள். நடுவில் சந்திக்கும்போது ஒரு கணம் இரு மடங்கு உயர மேடு தெரியும். பிறகு இரண்டும் ஒன்றும் நடக்காதது போலத் தத்தம் வழியே போகும். மோதித் திரும்புவதில்லை. சந்திக்கும் இடத்தில் இடப்பெயர்ச்சிகள் கூட்டப்படுகின்றன, அவ்வளவுதான். இதற்கு மேற்பொருந்துதல் என்று பெயர். மிகப் பெரிய வீச்சுகளில் இந்த எளிய கூட்டல் சரியாக வராது என்றாலும், அன்றாட ஒலிக்கும் ஒளிக்கும் பொருந்தும்.

இப்போது ஒருவர் மேட்டையும் மற்றவர் அதே அளவுள்ள பள்ளத்தையும் அனுப்பட்டும். சந்திக்கும் கணத்தில் கயிறு நேராகிவிடும். ஆற்றல் எங்கே போனது? அந்தக் கணத்தில் கயிறு நேராக இருந்தாலும் ஓய்வில் இல்லை. ஒரு பாதி மேல்நோக்கியும் மறுபாதி கீழ்நோக்கியும் விரைந்துகொண்டிருக்கிறது. ஆற்றல் முழுவதும் இயக்க ஆற்றலாக இருக்கிறது. அதனால்தான் அடுத்த கணம் மேடும் பள்ளமும் மீண்டும் எழ முடிகிறது. ஒரு புகைப்படத்தை மட்டும் பார்த்து அலையின் கதையைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இதையே தொடர் அலைகளில் செய்தால் குறுக்கீட்டு விளைவு. திறந்த வெளியில் இரண்டு ஒலிபெருக்கிகளை வைத்து, இரண்டிலும் 343 ஹெர்ட்ஸ் ஒலியை ஒரே கட்டத்தில், அதாவது இரண்டின் இறுக்கங்களும் ஒரே கணத்தில் புறப்படும்படி, ஒலிக்கச் செய்யுங்கள். அலைநீளம் சரியாக ஒரு மீட்டர். இரண்டுக்கும் உங்கள் காதுக்குமான தொலைவுகளின் வேறுபாடு 0, 1, 2 மீட்டர் என்று முழு அலைநீளங்களாக இருக்கும் இடங்களில் ஒலி பெருகும். அரை மீட்டர், ஒன்றரை மீட்டர் என்று இருக்கும் இடங்களில் அடங்கிப்போகும். அறைக்குள் செய்தால் சுவர்களின் எதிரொலி வந்து கலைத்துவிடும். பெருகிய இடத்தில் வீச்சு இரு மடங்கு, ஆற்றல் நான்கு மடங்கு. அடங்கிய இடத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. சராசரி இரண்டு, அதாவது இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு உரியது. ஆற்றல் எங்கும் அழியவில்லை, இடம்தான் மாறியது.

இரு மூலங்களின் அதிர்வெண்கள் சற்றே வேறுபட்டால், ஒரே இடத்தில் நின்று கேட்கும்போதே ஒலி ஏறி இறங்கும். 440, 442 ஹெர்ட்ஸ் ஒலிகள் சேர்ந்தால் விநாடிக்கு இரண்டு முறை விம்மும். கம்பி இசைக்கருவிக்குச் சுருதி கூட்டுவோர் இந்த விம்மல் மெதுவாகி நிற்கும்வரை முறுக்குவார்கள்.

தடையின் ஓரத்தில் அலை வளைந்து பரவுவது விளிம்பு விளைவு. இங்கே தீர்மானிப்பது திறப்பின் அகலத்துக்கும் அலைநீளத்துக்கும் உள்ள விகிதம். 500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 0.7 மீட்டர், ஏறக்குறைய ஒரு கதவின் அகலம். எனவே அது கதவைத் தாண்டியதும் நன்றாக விரிந்து பரவுகிறது. ஒளியின் அலைநீளம் கதவைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் சிறியது. எனவே அது ஏறக்குறைய நேராகவே போகிறது. பக்கத்து அறையில் பேசுவது கேட்கிறது, பேசுபவர் தெரிவதில்லை.

ஒளி வளைவது இவ்வளவு குறைவாக இருந்ததால்தான் அது அலையா என்ற வழக்கு நெடுங்காலம் நீடித்தது. 1818-ல் பிரெஞ்சு அறிவியல் கழகம் நடத்திய போட்டிக்கு இயற்பியலாளர் ஃபிரெனெல் தம் அலைக் கோட்பாட்டை அனுப்பினார். நடுவர்களில் ஒருவரான பாய்சான் ஒளி துகள் என்று நம்பியவர். ஃபிரெனெலின் கணக்கை ஆராய்ந்து, 'இது சரியென்றால் ஒரு வட்டத் தகட்டின் நிழலின் நட்டநடுவில் ஒளிப்புள்ளி இருக்க வேண்டும்' என்று காட்டினார். அது அபத்தம், எனவே கோட்பாடும் அபத்தம் என்பது அவர் வாதம். மற்றொரு நடுவரான அராகோ சோதனை செய்து பார்த்தார். புள்ளி இருந்தது. எதிர்க்கட்சிக்காரர் கண்டுபிடித்துக் கொடுத்த அந்தச் சான்று இன்றும் பாய்சானின் பெயரிலேயே அழைக்கப்படுவது சற்று வேடிக்கைதான்.

படி 7: நிலை அலையும் ஒத்ததிர்வும்

கயிற்றின் முனையை மீண்டும் தூணில் கட்டிவிட்டுக் கையைச் சிறிய அளவில் சீராக ஆட்டுங்கள். பெரும்பாலான அதிர்வெண்களில் கயிறு குழப்பமாகத் துள்ளும். சில அதிர்வெண்களில் மட்டும் திடீரென்று ஒழுங்குக்கு வரும். சில புள்ளிகள் அசையாமல் நிற்க, அவற்றுக்கிடையே கயிறு பெரிதாக வீங்கி ஆடும். அசையாத புள்ளிகள் கணுக்கள், அதிகம் அசைபவை எதிர்க்கணுக்கள். போகும் அலையும் திரும்பும் அலையும் மேற்பொருந்தியதே இந்த நிலை அலை.

எந்த அதிர்வெண்களில் இது நடக்கும்? நம் கயிற்றில் அலையின் வேகம் விநாடிக்கு 10 மீட்டர், நீளம் 5 மீட்டர். இரு முனைகளிலும் கணு இருக்க வேண்டுமென்பதால் கயிற்றின் நீளத்துக்குள் அரை அலைநீளங்கள் முழு எண்ணிக்கையில் அடங்க வேண்டும். ஓர் அரை அலைநீளம் அடங்கினால் அலைநீளம் 10 மீட்டர், அதிர்வெண் 1 ஹெர்ட்ஸ். இரண்டு அடங்கினால் 2 ஹெர்ட்ஸ், மூன்று அடங்கினால் 3 ஹெர்ட்ஸ். இதையே இன்னொரு வழியில் பாருங்கள்: துடிப்பு தூணுக்குப் போய்த் திரும்ப ஒரு விநாடி ஆகிறது. விநாடிக்கு ஒருமுறை கையை ஆட்டினால், திரும்பி வந்த அலையோடு புதிய அலை சரியாகச் சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் வீச்சு வளர்கிறது. ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் உயர எழும்புவதும் இப்படித்தான். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர்.

இங்கே பங்குகள் மாறியிருப்பதைக் கவனியுங்கள். எல்லைகள் எந்த அலைநீளங்களை அனுமதிப்பது என்று முடிவு செய்கின்றன. ஊடகம் வேகத்தைக் கொடுக்கிறது. எனவே மிஞ்சுவதை ஏற்கும் நிலை இப்போது அதிர்வெண்ணுக்கு. கம்பி இசைக்கருவிகளில் விரலால் கம்பியை அழுத்துவது எல்லையை மாற்றுவது, முறுக்காணியைத் திருகுவது ஊடகத்தை மாற்றுவது.

இரு பக்கமும் திறந்த குழாயிலும் இதே வரிசைதான். அரை மீட்டர் குழாயின் அடிப்படை அதிர்வெண் சுமார் 343 ஹெர்ட்ஸ். ஒரு முனையை மூடினால் அங்கே கணு கட்டாயமாகிறது. நீளத்தில் கால் அலைநீளமே அடங்கினால் போதும். அதிர்வெண் பாதியாகி 171 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். ஒரு நெகிழிக் குழாயின் வாயை உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். கையை அப்படியே வைத்திருந்தால் தாழ்ந்த ஒலி, தட்டியதும் எடுத்துவிட்டால் உயர்ந்த ஒலி.

ஹீலியத்தை உள்ளிழுத்தவர் பேசும்போது குரல் கீச்சென்று மாறுவதையும் இப்போது விளக்கலாம். குரல்நாண்கள் அதிரும் வேகம் ஏறக்குறைய மாறுவதில்லை, அவை மூலம். தொண்டையும் வாயும் சேர்ந்த குழாயின் அளவும் மாறவில்லை, அது எல்லை. மாறியது ஊடகம் மட்டுமே. அதில் ஒலியின் வேகம் கூடியதால் குழாயின் ஒத்ததிர்வுகள் எல்லாம் மேலே ஏறிவிடுகின்றன. மாறியது குரலின் தன்மைதான். (அழுத்தக் கலனிலிருந்து நேராக இழுப்பது நுரையீரலைக் கிழித்துவிடும், விளையாட்டுக்கும் செய்யக் கூடாது.)

ஒத்ததிர்வுக்கு எடுத்துக்காட்டாக 1940-ல் அமெரிக்காவின் டகோமா நேரோஸ் பாலம் இடிந்ததைச் சொல்வது வழக்கம். அது பொருத்தமான எடுத்துக்காட்டு அன்று. அங்கே காற்று சீரான தாளத்தில் பாலத்தைத் தள்ளவில்லை. பாலத்தின் முறுக்கமே காற்றிலிருந்து ஆற்றலை உறிஞ்சித் தன்னைப் பெருக்கிக்கொண்டது. ஒத்ததிர்வுக்கு 1831-ல் இங்கிலாந்தின் பிராட்டன் தொங்குபாலம் பொருந்தும். படைவீரர்கள் ஒரே தாளத்தில் அடியெடுத்து நடந்தபோது அது சரிந்தது. அதன்பிறகு பாலத்தில் தாளத்தைக் கலைத்து நடக்கும்படி படைகளுக்கு உத்தரவிடும் வழக்கம் வந்தது.

படி 8: மூலம் நகர்ந்தால்

700 ஹெர்ட்ஸ் சங்கு ஒலிக்கும் வண்டி விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் உங்களை நோக்கி வருகிறது. ஒலியின் வேகம் காற்றின் பொறுப்பு, எனவே 343 மீட்டரேதான். ஆனால் ஓர் இறுக்கத்துக்கும் அடுத்த இறுக்கத்துக்கும் இடையில் வண்டி கொஞ்சம் முன்னேறிவிடுவதால் முன்பக்கம் அலைநீளம் சுருங்குகிறது. 343-ல் 20 போக 323, அதை 700-ஆல் வகுத்தால் 0.461 மீட்டர். காதுக்கு வரும் அதிர்வெண் 343-ஐ இதால் வகுத்தது, சுமார் 743 ஹெர்ட்ஸ். கடந்து சென்றபின் அலைநீளம் 0.519 மீட்டர், அதிர்வெண் சுமார் 661 ஹெர்ட்ஸ். இது டாப்ளர் விளைவு. கிறிஸ்டியன் டாப்ளர் 1842-ல் சொன்னதை, 1845-ல் பைஸ் பாலட் நெதர்லாந்தில் ரயிலில் எக்காளம் ஊதுவோரை ஏற்றிச் சோதித்துப் பார்த்தார்.

வண்டி நெருங்க நெருங்கச் சுருதி ஏறிக்கொண்டே போகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏறுவது உரப்புதான். சீரான வேகத்தில் நேராக வரும்வரை சுருதி 743-லேயே நிற்கும், கடக்கும்போது இறங்கும்.

படி 9: ஊடகமே இல்லாத அலை

ராபர்ட் பாயில் 1660-ல் வெளியிட்ட சோதனைகளில், காற்றை வெளியேற்றிய கலனுக்குள் தொங்கவிட்ட கடிகாரத்தின் ஒலி கேட்காமல் போனது. ஆனால் கடிகாரம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. ஒலிக்கு ஊடகம் வேண்டும், ஒளிக்கு வேண்டாம். ஒளி மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றையொன்று தூண்டிச் செல்லும் அலை. வெற்றிடத்தில் அதன் வேகம் விநாடிக்கு 299,792,458 மீட்டர். மேக்ஸ்வெல் 1865-ல் கணக்கில் கண்ட மின்காந்த அலையை, ஹெர்ட்ஸ் 1887-ல் ஆய்வகத்தில் உண்டாக்கிக் காட்டினார். ரேடியோ முதல் எக்ஸ் கதிர் வரை எல்லாம் இதே அலைதான், அலைநீளம் மட்டும் வேறு. பிரதிபலிப்பு, விலகல், குறுக்கீடு எல்லாம் முன்பு பார்த்தபடியே பொருந்தும்.

படி 10: இனி கடல்

ஆழ்கடலில் நீர்த்துளி ஒவ்வொன்றும் ஏறத்தாழ வட்டமாகச் சுழல்கிறது. முகட்டில் முன்னோக்கியும் அகட்டில் பின்னோக்கியும் போகிறது. ஆழம் கூடக் கூட வட்டம் சிறுத்து, அரை அலைநீள ஆழத்தில் ஏறக்குறைய மறைந்துவிடும். மீள்விசை இங்கே ஈர்ப்பு. இந்த அலைகளில் 'வேகத்தை ஊடகம் மட்டுமே தீர்மானிக்கும்' என்ற விதி சற்று நெகிழ்கிறது, நீளமான அலைகள் வேகமாகப் போகின்றன. ஆழ்நீரில் அலைவுக்காலத்தை, அதாவது ஒரு முழு அலைவுக்கு ஆகும் விநாடிகளை, 1.56-ஆல் பெருக்கினால் முகட்டின் வேகம் கிடைக்கும். 10 விநாடி அலைக்கு விநாடிக்கு 15.6 மீட்டர், அலைநீளம் 156 மீட்டர். ஆனால் அலைக்கூட்டமும் அதன் ஆற்றலும் இதில் பாதி வேகத்தில்தான் நகரும். முகடுகள் கூட்டத்தின் பின்புறம் தோன்றி, முன்னேறி, முன்புறம் போய் மறையும்.

ஆழம் அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைந்தால் விதி மீண்டும் எளிதாகிறது. வேகம் என்பது ஈர்ப்பு முடுக்கத்தை ஆழத்தால் பெருக்கி எடுத்த வர்க்கமூலம். ஆழிப்பேரலையின் அலைநீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர், எனவே அதற்கு 4,000 மீட்டர் ஆழமுள்ள பெருங்கடலும் ஆழமற்ற நீர்தான். அங்கே அதன் வேகம் விநாடிக்கு சுமார் 198 மீட்டர், மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். 20 நிமிட அலைவுக்காலம் என்றால் அலைநீளம் ஏறக்குறைய 240 கிலோமீட்டர். 10 மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் வேகம் மணிக்கு 36 கிலோமீட்டராகிறது, அலைநீளம் 12 கிலோமீட்டராகச் சுருங்குகிறது. அலைவுக்காலம் அதே 20 நிமிடம், அது மூலம் கொடுத்தது. ஆற்றலின் பாய்வு குறையாமல் வேகம் மட்டும் குறைவதால் வீச்சு வளர்ந்தாக வேண்டும், ஆழம் 400-ல் ஒரு பங்காகக் குறைந்ததால், 400-இன் நான்காம் மூலமான சுமார் நாலரை மடங்கு. நடுக்கடலில் கப்பல் உணராத அரை மீட்டர் உயரம் கரைக்கு அருகில் இரண்டு மீட்டரைத் தாண்டுகிறது. பிறகு 20 நிமிடத் தாளத்தில் பல நிமிடங்கள் நீர் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. சாதாரண அலையைப் போல வந்த வேகத்தில் திரும்பாது.

கணக்குகள்

440 ஹெர்ட்ஸ் ஒலி காற்றிலிருந்து நீருக்குள் போனால் அலைநீளம் என்ன? அதிர்வெண் மாறாது. காற்றில் 0.78 மீட்டர், நீரில் 3.36 மீட்டர்.

ஒரு கம்பியின் நீளத்தையும் தடிமனையும் மாற்றாமல் அதிர்வெண்ணை இரு மடங்காக்க வேண்டும். அலைநீளத்தை எல்லை பூட்டிவிட்டது, எனவே வேகம் இரு மடங்காக வேண்டும், அதற்கு இழுவிசை நான்கு மடங்கு.

1,000 கிலோமீட்டர் தொலைவில் எழுந்த புயலிலிருந்து 14 விநாடி அலைகளும் 10 விநாடி அலைகளும் புறப்படுகின்றன. எது எப்போது வரும்? கூட்டத்தின் வேகம் முகட்டு வேகத்தில் பாதி: விநாடிக்கு 10.9 மீட்டரும் 7.8 மீட்டரும். முதலாவது சுமார் 25 மணி நேரத்திலும், இரண்டாவது சுமார் 36 மணி நேரத்திலும் கரை சேரும். கணக்கைத் திருப்பிப் போட்டால், இரண்டு வருகைகளுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்தே புயலின் தொலைவைச் சொல்லிவிடலாம். 1963-ல் கடலியலாளர் வால்டர் மங்க் தலைமையிலான குழு நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை அளவு நிலையங்களை அமைத்து, தென்கோளப் புயல்களில் பிறந்த அலைகள் பசிபிக் பெருங்கடல் முழுவதையும் கடந்து வருவதை இந்த முறையில்தான் பின்தொடர்ந்தது.